வாய் கட்டிய வேல்

1

பூசாரி சடையன் வேலைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை குலுக்கினார். அப்போதும் இல்லை. கோயில் முன்னால் கூடியிருந்த ஊர் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

வேலை என்று நான் எழுதுவது வேலாயுதத்தை, உத்தியோகத்தை அல்ல. ஆனால் அன்று ஜவ்வாது மலையில் இரண்டும் சேர்ந்தே போய்விடும் போலிருந்தது. எழுபதுகளின் கடைசி. ஓர் அருங்காட்சியகத்தின் ரசாயனப் பிரிவில் நான் டிரெய்னியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழம்பொருள்களைத் துருவும் பூச்சியும் தின்னாமல் காப்பாற்றுகிற வேலை. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியிருந்ததால் தலையில் கொஞ்சம் கனமும் இருந்தது.

2

இரண்டு மாதம் முன்னால் சடையன்தான் அந்த வேலைக் கோணியில் சுற்றி எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தார். மலைக்கு சர்வே போயிருந்த எங்கள் கியூரேட்டர் சார், துருவை எடுத்துத் தருவதாக அவரிடம் சொல்லியிருந்தார். பதிலுக்கு நாங்கள் போட்டோ எடுத்து அளவு குறித்துக்கொள்ளலாம். திருவிழாவுக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"ஊர்ல ஒருத்தனும் ஒத்துக்கலீங்க. சாமி பொருள வெளிய அனுப்பக்கூடாதுன்னாங்க. நான்தான் பொறுப்புன்னு சொல்லி எடுத்தாந்தேன்" என்றார்.

"இதுக்கு என்ன குறைங்க?" என்று கேட்டேன்.

"வாய் கட்டிப்போச்சும்மா. மூணு வருசமா இப்டித்தான். நீங்கதான் சரி பண்ணிக் குடுக்கணும்."

எங்கள் வீட்டில் அரிவாள்மனைக்கு வாய் உண்டு. மழுங்கிப்போனால் சாணை பிடிக்கக் கொடுப்போம். வேலுக்கு வாய் என்றால் அதன் முனையும் விளிம்பும்தானே? வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் ரிஜிஸ்தரில் 'விளிம்பில் கடும் துரு' என்று எழுதிக்கொண்டேன்.

விளிம்புக்கு ராஜ உபசாரம் செய்தேன். ஸ்கால்பெல்லால் சுரண்டி, சிட்ரிக் ஆசிடில் துடைத்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, டானிக் ஆசிட் பூசி, மெழுகு போட்டேன். கன்னங்கரேலென்று ஒரு மினுமினுப்பு வந்தது. வேலின் கழுத்தில் மூன்று இரும்பு வளையங்கள் துருவேறி ஒட்டிக்கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்ததும் அவை கழன்று ஆட ஆரம்பித்தன. ஆடுகிற பாகம் உரசும், உரசினால் தேயும் என்று வகுப்பில் படித்திருந்தேன். ஆடாமல் ஒட்டிவிட முடிவு செய்தேன்.

எபாக்சி பசைதான் வேண்டும் என்று ஸ்டோருக்குப் போனேன். ஒட்டினால் ஏழு ஜென்மத்துக்கும் விடாது. ஸ்டோர் கீப்பர் மாசிலாமணி கண்ணாடியை இறக்கி, பொருள் கேட்டு நான் எழுதிய இண்டென்ட் சீட்டைப் பார்த்தார்.

"இதுல சார் கையெழுத்து இன்னா ஆச்சு?"

"சார் டூர்ல இருக்காருங்க."

"அப்போ வந்தப்புறம் வாம்மா."

அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே, லேபில் இருந்த பி.வி.ஏ. என்ற சாதாரணப் பசையை அசிட்டோனில் கரைத்து வளையங்களை ஒட்டினேன். டூர் முடிந்து வந்த சார் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா! மலைக்கு நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றார். நானும் திருப்பத்தூர் பஸ்ஸில் வேல் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெருமையாகக் கிளம்பினேன்.

3

"வேலு பேசலியே!" என்றார் சடையன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பேசணுமாங்க?"

"பின்ன? இது பேசினாத்தானே பொங்கப் பானைய அடுப்புல ஏத்துவோம்! மூணு வருசமா பானையே ஏத்தல. இந்த மூணு வளையமும் கலகலன்னு வரணும்மா. அதுதான் வேலுக்கு வாய்." வளையங்களை விரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "வாயத் தொறந்து குடுங்கன்னா, தெச்சுக் குடுத்திருக்கீங்களே!"

பின்னால் ஒருவர், "நான் அப்பவே சொன்னேன், கேட்டியா சடையா?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் உத்தியோகம் போனால் வேறு தேடிக்கொள்வேன். சடையன் அந்த ஊரிலேயே அல்லவா இருந்தாக வேண்டும்!

மெழுகை டச்-அப் செய்ய அரை பாட்டில் அசிட்டோன் கொண்டுபோயிருந்தேன். பி.வி.ஏ. அதில் கரையும். பஞ்சை நனைத்து வளையங்களைச் சுற்றி வைத்து, ஆவியாகாமல் பாலித்தீனால் கட்டினேன். "ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன். ஊரே சுற்றி உட்கார்ந்தது. சிகிச்சை நடக்கும்போது தீபாராதனை காட்டலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, ஒரு அம்மா கற்பூரத் தட்டோடு நேராக வந்தார். அசிட்டோன் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும்.

"கற்பூரம் வேணாம்! கிட்ட வராதீங்க!" என்று அலறினேன்.

அந்த அம்மா நின்ற இடத்திலேயே தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்தாராம்.

கட்டை அவிழ்த்தேன். பசை கொழகொழவென்று வந்தது. துடைத்தேன், மறுபடி நனைத்தேன், மறுபடி துடைத்தேன். முதல் வளையம் நகர்ந்தது. பிறகு மற்ற இரண்டும். உலரவிட்டு வேலைச் சடையன் கையில் கொடுத்தேன்.

கலகலவென்று அது பேசியது. பெண்கள் குலவை போட்டார்கள். சடையன் விடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார், கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். முதலில் பொங்கிய பானையிலிருந்து சாமைப் பொங்கல் எனக்குத்தான் வந்தது.

4

திரும்பி வந்ததும் ரிப்போர்ட்டில் 'ஆடும் பாகங்கள் ஆடாமல் ஒட்டப்பட்டன' என்ற வரியை அடித்துவிட்டு, 'வளையங்கள் ஆடியே தீர வேண்டும்' என்று எழுதினேன். மாசிலாமணிக்கு மலைப் புளி ஒரு பொட்டலம் கொடுத்தேன். அன்றைக்கு அவர் எபாக்சி கொடுத்திருந்தால் அந்த வேல் இன்றைக்கும் ஊமைதான். எதைச் செய்தாலும் பிரிக்கிற மாதிரி செய் என்பது பாடப்புத்தகத்தில் இருந்தது. எனக்கு அது புரிந்தது அவர் பிடிவாதத்தால். ஒரு பொருள் எதனால் ஆனது என்று கேட்பதற்கு முன்னால் அது என்ன செய்யும் என்று கேட்க வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சடையனிடம் கற்றுக்கொண்டேன்.

மறு வருஷம் அவர் மறுபடி வந்தார். கோணிக்குள் ஒரு மரக்குதிரை.

"ஊரே சேந்து அனுப்பிச்சுதும்மா. காலு ஒடஞ்சுபோச்சு" என்றவர், நான் பேனாவை எடுப்பதைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "காலுன்னா காலுதாம்மா. வேற ஒண்ணும் இல்ல."