அந்தக் கால்வாய்க்கு வாட்டம் வைத்தவன்

சுவா சூ காங்கில் மூணு அடுக்குமாடி புளோக்கை இணைக்கிற கூரை நடைபாதை, புக்கிட் பாத்தோக் மேட்டில் சக்கர நாற்காலி ஏறுகிற சரிவு, ரெண்டு பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர். எல்லாம் நான் நின்று கட்டினது. ஆறாம் வகுப்போடு நின்றவன், இங்கிலீஷில் என் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவன், முப்பது பேரை வேலை வாங்குகிற சூப்பர்வைசர் ஆனேன். எவனும் தூக்கிவிடவில்லை.

அரசாங்க வேலை எடுக்கிற கம்பெனியில் இருப்பது ஒரு கௌரவம்தான். மழையில் நனையாமல் என் கூரைக்கு அடியில் ஜனங்கள் நடந்துபோவதைப் பார்த்தால் நெஞ்சு நிமிரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட 'அது நான் போட்டது' என்று சொல்லியிருக்கிறேன். தொந்தரவு என்றால் காகிதம். ஒரு ஆணி அடிக்க ஒரு விண்ணப்பப் பாரம். ட்ராயிங்தான் சாமி.

சுவா சூ காங் நடைபாதை ஓரக் கால்வாய்க்கு ட்ராயிங்கில் வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவை, லிஃப்ட் பக்கமாகக் காட்டியிருந்தார்கள். அங்கே தரை தாழ்வு. பெரிய மழை வந்தால் தண்ணீர் நேரே லிஃப்ட் குழிக்குள் இறங்கும். எங்கள் எஞ்சினியரம்மாவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்து வம்சம், இங்கேயே பிறந்தவர். ட்ராயிங்படியே போடுங்கள், மாற்றக் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும் என்றார். அவர் வேறு சைட்டுக்குப் போயிருந்த அன்று, தண்ணீர் டியூபைப் பிடித்து மட்டம் பார்த்து, வாட்டத்தை எதிர்ப்பக்கப் பெரிய வடிகாலுக்குத் திருப்பிக் கான்கிரீட் போட்டுவிட்டேன்.

மறுவாரம் கொட்டின மழையில் லிஃப்ட் முன்னால் ஒரு சொட்டு நிற்கவில்லை. எஞ்சினியரம்மா வந்து பார்த்து, கால்வாயைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். மனசுக்குள் மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் எல்லோரும் கூடிப் பாதுகாப்புப் பேச்சு கேட்போம், டூல்பாக்ஸ் மீட்டிங் என்பார்கள். முடிந்ததும் வருகைத் தாள் சுற்றி வரும், கையெழுத்துப் போடுவோம். இத்தனை வருஷத்தில் அதை எவனும் படித்ததில்லை. ஒருநாள் அட்டையில் ரெண்டு தாள் இருந்தது. ரெண்டிலும் போட்டேன். படிக்காமல் போட்டது என் தப்பு, இல்லை என்று சொல்லவில்லை.

நல்ல சூப்பர்வைசருக்கு அரசாங்கம் கொடுக்கிற பாராட்டுச் சான்றுக்கு இந்த வருஷம் என் பெயர்தான் போகும் என்று இருந்தேன். ஆபீசில், அனுப்ப முடியாது, உங்கள் பேரில் ஒரு கடிதம் இருக்கிறது என்று நகலை நீட்டினார்கள். தேக்கா சாப்பாட்டுக் கடையில் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பாதியில் அவள் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, ட்ராயிங்கை மீறித் தப்பா வேலை செஞ்சதா நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க. கீழ உங்க சைன் இருக்கு."

அன்றைக்கு அட்டையில் இருந்த ரெண்டாவது தாள் இதுதான். "தப்பா? தண்ணி நிக்கலையேம்மா."

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். புது ட்ராயிங். வாட்டம் நான் வைத்த பக்கமே. பக்கத்துப் புளோக்குகளுக்கும் அப்படியே போட உத்தரவு. யோசனை சொன்னவர் என்ற இடத்தில் எஞ்சினியரம்மா பெயர்.

மறுநாளே எஞ்சினியரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"அங்கிள், யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு பேப்பர் இருந்தாத்தான், கட்டினதுக்கு ஏத்த மாதிரி ட்ராயிங்கை மாத்த விடுவாங்க. இல்லாட்டி எல்லாத்தையும் உடைக்கச் சொல்லியிருப்பாங்க லா. கேட்டிருந்தா நீங்க சைன் பண்ணியிருக்க மாட்டீங்க."

"அப்போ தப்பு பண்ணவன் நான், யோசனை சொன்னவங்க நீங்களா மேடம்?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலையைக் கெடுத்துவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன், வலித்ததில்லை. சரியாகச் செய்ததற்குக் குற்றவாளி ஆனது இதுதான் முதல் தடவை. இன்றுவரை நம்ப முடியவில்லை.

ஆபீசுக்கு நான் சொல்வது இதுதான்: சான்று வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தையும் கிழிக்க வேண்டாம். அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: இந்தக் கால்வாய்க்கு வாட்டம் வைத்தது இந்த ஆள், அவன் வைத்ததுதான் சரி என்று. என் பெயரை முழுசாகப் போட்டு, எஞ்சினியரம்மாவே கையெழுத்திட்டு அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும்.