அக்கா பெயரில் ஒரு படகு

எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து நான் பார்த்தது அபூர்வம். மற்ற நாளெல்லாம் அதில் ஆடு மேயும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் கருவேலமும் வெடித்துக் கிடக்கும் கரிசலும்தான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, கடலைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணின் பெயரைச் சுமந்துகொண்டு, வெள்ளைக்காரன் கொடியோடு ஓர் உல்லாசப் படகு போயிற்று என்றால் யார் நம்புவார்கள்? என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் என் அக்கா. பாவாடை கட்டித் திரிகிற வயதில் காய்ச்சல் கண்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனாள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல் செத்துப்போகிற பெண், வீட்டுக்குக் கன்னித் தெய்வம். வெளியூரில் செத்தவள் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்று, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் அம்மா ஒரு பிடி மண் அள்ளி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்தாள். சாமியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கூட்டிவர எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பிடிமண்தான். அது ஓர் ஓலைப்பெட்டிக்குள் ரிப்பன், வளையல், சீப்போடு எங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்கியது. தை பிறந்தால் பெட்டியை இறக்கி, புதுப்பாவாடை வைத்துப் படையல் போடுவோம். வருசா வருசம் அவளுக்குத்தான் முதல் துணி. எனக்கு அப்புறம்தான். அதில் எனக்கு உள்ளூர எரிச்சல் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவளுக்கு வைத்திருந்தது வேறு யாருக்கும் இல்லாத பெயர். திருச்சுழிப் பக்கம் ஒரு கருவேலங்காட்டுக்குள் கூரை இல்லாமல் நிற்கிற அம்மனுக்கு நேர்ந்து பிறந்தவள், அந்த அம்மன் பெயரே அவள் பெயர். அவள் போனபிறகு அம்மா அதை வாயால் சொன்னதில்லை. நாங்களும் சொல்லக் கூடாது. "பெட்டில இருக்கிறவ" என்றுதான் சொல்வாள். ஒருமுறை விளையாட்டுப்போக்கில் நான் பெயரைச் சொல்லிவிட்டு வாங்கிய அறை இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவும் மாட்டேன். எழுதிய பெயராக அது ஒரு படகின் முதுகில் போனது போதும்.

படகுக் கதைக்குக் காரணம் என் தாய்மாமன். அம்மாவுக்கு நேர் இளையவர். தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, அங்கே மேனேஜராக இருந்த கடைசி வெள்ளைக்காரத் துரைக்கு வலதுகை. நல்ல மனுசன், ஆனால் யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாது. வாயும் ஓயாது. துரை ஊருக்குத் திரும்புகிற நேரம் வந்தது. கப்பலில் போகாமல், சொந்தமாக ஒரு பாய்மரப் படகு கட்டி அதிலேயே மனைவியோடு ஊர் சுற்றிக்கொண்டு போய்ச்சேர வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. படகு கட்டியாயிற்று. அதைத் தன் நாட்டுக் கொடியில் பதிந்தால்தான் போகிற துறைமுகத்திலெல்லாம் இது இன்னாருடையது என்று மதிப்பார்கள். அதற்கான அலைச்சல் முழுக்க மாமா தலையில்.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், படையல் அன்றைக்குத்தான் மாமா வந்தார். பெட்டியை இறக்கி இலை போட்டு வைத்துவிட்டு, பல்லி சத்தத்துக்காகக் காத்திருந்தோம். பல்லி சொன்னால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம், அப்புறம்தான் நாங்கள் சாப்பிட முடியும். பசி வேறு வயிற்றைக் கிள்ளியது. மாமா சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது மாமா இல்லையே.

"அக்கா, தொரை படகு ஒருவழியாப் பதிஞ்சாச்சு. பேருதான் பெரிய பாடாப் போச்சு. ஒரு படகுக்கு வச்ச பேர இன்னொண்ணுக்கு வைக்கக் கூடாதாம் அவுக சட்டத்துல. சம்சாரம் பேரு, மக பேரு, பூவு பேருன்னு எதை எழுதிப் போட்டாலும் 'ஏற்கெனவே இருக்கு'ன்னு லண்டன்ல இருந்து திருப்பி அனுப்பிட்டான். தொரை நொந்துட்டாரு. 'உனக்குத் தெரிஞ்சு உலகத்துல யாருக்கும் இல்லாத பேரு ஒண்ணு சொல்லுய்யா'ன்னாரு."

மாமா சிரித்தார். "நம்ம பிள்ள பேரச் சொன்னேன். ஒரே தடவைல பாஸு!"

அப்பா வாசலில் கடைச் சாவியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். விசயம் பிடிபடாமல், "என்ன கொடி மாப்ள?" என்று கேட்டார்.

"செவப்புக் கொடிதான். மூலைல அவுக நாட்டு அடையாளம் இருக்கும்."

"அப்ப நம்ம மில்லு கேட்ல சங்கத்து ஆளுக பிடிக்கிற கொடி மாதிரியா?" என்று சிரித்தார் அப்பா.

அம்மா எழுந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அப்பாவின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"எம்மக பேர எவனைக் கேட்டுலே குடுத்த?" என்றாள். குரல் உயரவே இல்லை. "நான் வாய் விட்டுச் சொல்லாத பேரு. நீ தூக்கி வெள்ளைக்காரன் படகுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிற. பேரு போற எடத்துக்குத்தானே அவளும் போவா? நேரமாகியும் பல்லி சொல்லக் காணோமேன்னு பாத்தேன். அவ வரலை. அவ எங்கிட்டு வருவா? அவளத்தான் நீ கடல்ல ஏத்திட்டியே!"

நாங்கள் அன்று சாப்பிடவில்லை. இலை அப்படியே காய்ந்தது. எனக்கு மாமா மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அம்மா மேலும்தான். இருக்கிற பிள்ளை பட்டினி கிடக்கிறேனே, அது கண்ணில் படவில்லையே என்று.

மறுநாள் விடிந்ததும் அம்மா கிளம்பிவிட்டாள். பெயரை அழிக்கச் சொல்லி, மகளைக் கூட்டிவருவது என்று முடிவு. மாமாவை முன்னால் விட்டு, என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பந்தல்குடியில் லாரிகளுக்கு வழிவிட்டு பஸ் நின்றபோது மாமா காபி வாங்கிவந்து நீட்டினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் மடியில் மடித்து வைத்திருந்த மஞ்சள் துணியை அப்போதுதான் நான் கவனித்தேன். இன்னொரு பிடிமண் எடுக்கத்தான் போகிறாள் என்று புரிந்தது.

தூத்துக்குடியில் படகு தோணித்துறை ஓரமாகக் கட்டியிருந்தது. வெள்ளையாக, எங்கள் வீட்டுக் கூடத்தைவிடக் கொஞ்சம் நீளம். பின்பக்கம் இங்கிலீஷில் இரண்டு வரி. அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

"இதுல எதுலே அவ பேரு?"

"மேல இருக்கிறது, அக்கா," என்றார் மாமா.

"கீழ?"

"லண்டன்னு போட்டிருக்கு. படகு எந்த ஊருன்னு எழுதணும்ல."

"அவ அருப்புக்கோட்டைல்ல!" என்றாள் அம்மா. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அந்த இடத்தில்தான் உடைந்தது. பேரைக் களவு கொடுத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டவளுக்கு, ஊரை மாற்றிப் போட்டதைத் தாங்க முடியவில்லை. துறையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

துரை வந்தார். பஸ் இறங்கியதுமே மாமா ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் நின்றார். மாமா மொழிபெயர்த்தார். இறந்த பிள்ளையின் பெயர் என்று தனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்றார். பெயரை மாற்ற லண்டனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் காற்று மாறிவிடும், இந்த வருசம் கிளம்ப முடியாது. பரவாயில்லை, இந்தத் தாய் மாற்றச் சொன்னால் மாற்றிவிட்டு அடுத்த வருசம் போகிறேன் என்றார். அவர் மனைவி படகுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றியாயிற்று. வீட்டைக்கூடக் காலி செய்துவிட்டார்களாம்.

அம்மா மஞ்சள் துணியை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, படகின் ஓரத்தில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த படகுக்காரரிடம் போனாள்.

"ஐயா, இதுக்குள்ள இருந்து ஒரு பிடி மண்ணு எடுத்துத் தாரீகளா?"

அந்த மனுசன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "படகுல ஏதும்மா மண்ணு? பொட்டு மண்ணு கெடந்தாலும் தொரை வைவாரு. இப்பத்தான் கழுவி விட்டிருக்கேன்."

அம்மா துணியோடு அப்படியே நின்றாள். மண்ணே இல்லாத இடத்தில் போய் நிற்கிறவளை எதில் முடிந்து எடுத்து வருவது? மாமாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அம்மாவை நான் அவ்வளவு திக்கற்றுப் பார்த்ததில்லை. அப்போது என் எரிச்சல் எல்லாம் எங்கே போயிற்றோ.

அந்த நேரம் ஒரு காற்று வந்தது. கயிறு தளர்ந்து படகு துறையின் கல்சுவரைப் பார்த்து நகர்ந்தது. படகுக்காரர் எழுந்து, எதிர்ப்பக்கம் நின்ற ஆளிடம் அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். "ஏ, அவ வாரா, பிடில! மோதிறப் போறா!" அந்த ஆளும் அதே பெயரைச் சொல்லி, "வாடியம்மா, மெல்ல, மெல்ல வா" என்று கயிற்றை இழுத்துப் பிடித்தார். படகு நின்றது. படகுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "லேசாக் காத்தடிச்சாப் போதும், துள்ளுவா. ஒரு எடத்துல நிக்க மாட்டா."

"நிக்க மாட்டா," என்றாள் அம்மா. "ஆமா. எப்பவும் நிக்க மாட்டா."

பிறகு மாமாவைக் கூப்பிட்டாள்.

"இன்னொரு தடவ அவளப் பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுலே."

மாமா விழித்தார். படகுக்காரருக்கு யாரும் சொல்லிப் புரிய வேண்டியிருக்கவில்லை. என்ன நினைத்தாரோ, கையை வாயோரம் குவித்து, தண்ணீரைப் பார்த்து, அந்தப் பெயரை நீளமாகக் கூப்பிட்டார். துரையும் தன் பங்குக்கு ஒருமுறை சொன்னார். நாக்கு சுளுக்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

அம்மா மஞ்சள் துணியை மடித்து இடுப்பில் செருகினாள். "போகச் சொல்லு. பேரு இருக்கட்டும்," என்றாள். மாமாவுக்கு அதை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை, அழுதுகொண்டிருந்தார். நான்தான் பள்ளிக்கூட இங்கிலீஷில் எதையோ உளறிச் சொன்னேன். துரை அம்மாவைக் கும்பிட்டார்.

திரும்பி வரும்போது எங்களைக் கொண்டுவிட மாமாவும் வந்தார், பஸ் எட்டயபுரம் தாண்டியது. அப்புறம் அம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"ஏலே, சீமைல அவுகளுக்கு அந்தப் பேரு வாயில நுழையுமா?"

"எங்க நுழையும், அக்கா! தொரை சொன்னதக் கேட்டேல்ல? கொலை பண்றாரு."

"பண்ணட்டும். கூப்பிடுறாகள்ல. பெத்தவ நானு, இத்தன வருசமா கூப்பிடலையே." ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "வரலை வரலைன்னு அவளக் கொற சொன்னேன். கூப்பிடாத வீட்டுக்கு எந்தப் பிள்ள வரும்?"

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அப்பா கடையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்க அவருக்குப் பயம். அம்மா அவரைத் தாண்டி உள்ளே போனாள். உலையில் அரிசி போட்டு, வெந்ததும் வடித்து, முந்தின நாள் காய்ந்த இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டாள். சோறு வைத்து, நெய் விட்டாள். பிறகு வாசல் நடைக்கு வந்து, தெருவில் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, தெரு முழுக்கக் கேட்கிற குரலில், என் அக்காவைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாள்.