மஞ்சள் மறைந்த கீரை

என் மகள் முழுகாமல் இருந்தபோது, விடிந்து கதவைத் திறந்தால் எங்கள் வாசல் கொக்கியில் ஒரு கட்டுக் கீரை தொங்கும். வேரைக் கிள்ளி, மண் போக அலசி, ஈரத்துணியில் சுற்றியிருக்கும். கீரைக்கார அக்காவிடம் கேட்டால், காக்கா கொண்டுவந்து வைத்திருக்கும் என்பாள். காக்காவுக்கு அத்தனை பொறுமை ஏது?

பழைய பேட்டரி உடைக்கிற பட்டறைக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம்தான் அக்காவுக்குச் சோறு போட்டது. ஒரு சமயம் அதில் போட்டதெல்லாம் மஞ்சளடித்துக் குற்றுயிரும் குலையுயிருமாய்க் கிடந்தது. மண்ணில் பட்டறை அழுக்கு ஏறியிருக்கிறது, முருங்கை இலைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து அடித்தால் செடி தாங்கிக்கொள்ளும் என்று விதைக்கடைக்காரர் சொன்னார். அக்கா இலையை அரைத்து, வேட்டித்துணியில் வடிகட்டி அடித்தாள். கீரை கருகருவென்று எழுந்தது. செடிக்கு டானிக் கொடுக்கிற டாக்டரம்மா என்று தெருவே கேலி பேசியது. அவளுக்கு வாயெல்லாம் பல்.

ஒரு நாள், சாறு அடிக்க விட்டுப்போன ஒரு மூலை அவள் கண்ணில் பட்டது. அங்கே மட்டும் கீரை பழைய மஞ்சள். அப்படியென்றால் மண் மாறவே இல்லை. அப்போதே விவசாய ஆபீசுக்கு ஓடினாள். மண்ணையும் கீரையையும் சோதித்த ஆபீசரம்மா, சாறு செடியைத்தான் காப்பாற்றியது, பட்டறையிலிருந்து வந்த ஈய விஷம் இலைக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்து நேரே எங்கள் அடுப்படிக்கு வந்தாள். கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கிக் கீரையைப் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் கொட்டினாள். கை வெந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

"ஒம் பொண்ணு தினமும் இதச் சாப்பிட்டுச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கீரை மஞ்சளா நின்னு அழுதுச்சு தங்கச்சி. நான்தான் அது வாயப் பொத்திட்டேன்."

மகளின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. இனி சேராமல் பார்த்தால் குறையும், பிள்ளையின் மூளையைப் பாதித்திருக்கிறதா என்று வளர வளரத்தான் தெரியும் என்றார் டாக்டர். அக்கா கீரையை வேரோடு பிடுங்கி மூட்டை கட்டி ஆபீசில் ஒப்படைத்தாள். ஆட்டுக்குக்கூட ஒரு இலை போடவில்லை. வாங்கித் தின்ற வீடுகளுக்கெல்லாம் தானே போய்ச் சொன்னாள். ஏசினவர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றாள். மகளுக்கு வலி எடுத்த அன்று ஆஸ்பத்திரி படிக்கட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கடவுளைக் கூப்பிட்டோம். எனக்காவது வாயில் வார்த்தை வந்தது. அவளுக்கு உதடு மட்டும்தான் ஆடியது.

ஆண்டவன் புண்ணியத்தில் பேரன் நல்லபடியாகப் பிறந்தான். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

வெறும் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? தம்பி வீட்டோடு போய்விட முடிவு செய்தாள். பஸ் ஏறும்போது, என் இடுப்பில் இருந்த பேரனின் விரலைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"இவன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அன்னைக்கு எனக்குச் சொல்லியனுப்பு தங்கச்சி. அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது."