சோப்புப் போட்டுக் கழுவிய சுரைக்குடுவை

பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் ஒரே போத்தலில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீங்கள் சிரிப்பீர்கள். அந்த அருவருப்பால் நான் செய்த ஒரு பிழையை எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஒரு ஹோட்டலின் நிலவறையில் துணி வெளுக்கிற வேலை செய்தேன். என்னோடு அர்ஜென்டினாக்காரர் ஒருவர் வேலை செய்தார். அங்கே வேலை செய்த எங்கள் ஆட்களோடு பழகித் தமிழும் பேசி, எல்லோரையும் 'மச்சான்' என்றே கூப்பிடுவார். மாத்தே என்ற இலையைக் காய்ந்த சுரைக்குடுவையில் போட்டு, சுடுதண்ணீர் விட்டு, உலோகக் குழாயால் உறிஞ்சிக் குடிப்பார். ஒரே குழாய்தான் சுற்றியிருக்கிற எல்லார் வாய்க்கும் போகும். எனக்கு நீட்டும்போதெல்லாம் வயிற்றுவலி என்று தப்பிவிடுவேன்.

அவருடைய பழைய குடுவை வெடித்துப்போக, பல வருடமாகக் காணாத தமக்கை புதியது ஒன்று அனுப்பியிருந்தா. அந்த நேரம் பார்த்து இஸ்திரி மெஷினில் அவருடைய கை வெந்துவிட்டது.

"ஒரு கையால் சுரண்ட ஏலாது மச்சான். நீ பழக்கித் தா. அக்கா அனுப்பினது, கவனம்."

குடுவையைப் பழக்குவதென்றால், குடித்து மிஞ்சிய ஈர இலையை அதற்குள் அடைத்து, சுடுதண்ணீர் விட்டு, ஒரு நாள் கழித்து உள்தோலைக் கரண்டியால் சுரண்ட வேண்டும். பிறகு இன்னொரு தரம். தான் குடித்த இலையையே பையில் கட்டித் தந்தார்.

டூட்டிங்கில் இருந்த எங்கள் வீட்டில் உங்கள் அம்மா பையைத் திறந்து பார்த்தா.

"அந்தாளின்ரை எச்சிலை என்ரை குசினிக்குள்ளை ஊறப் போடுறியளே? நாளைக்கு அவரின்ரை பல்லுச்செட்டையும் கொண்டு வாங்கோ, சேர்த்து ஊறப் போடுவம்."

"ஒரு நாள்தானப்பா."

அடுத்த நாள் அழுகின காய் நாற்றம். சுரண்டச் சுரண்டப் பச்சைச் சளி போல நார்நாராக விரலில் ஒட்டியது. இரண்டாம் தரம் அந்த எச்சில் இலையைத் தொட எனக்கு மனம் வரவில்லை. பாத்திரம் கழுவுகிற சோப்பை ஊற்றி, மஞ்சளும் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, இரவு முழுக்க ஊற வைத்தேன். சுரைக்காய் சோப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

வேலையிடத்தில், இடைவேளை நேரம் அவர் ஆசையாக இலை போட்டு ஒரு இழுவை இழுத்தார். முகம் கோணிவிட்டது.

"சோப்புப் போட்டியா மச்சான்?"

"இல்லை. நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்தனான்."

அவர் குடுவையை மணந்து பார்த்தார். "அப்ப அக்காவை யாரோ ஏமாத்திப்போட்டாங்கள். அவளுக்குச் சாமான் பார்த்து வாங்கத் தெரியாது" என்றார். குழாயோடேயே அதைக் குப்பை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

குடுவைக்குள் இருந்ததை விட, பொய் சொன்ன என் வாய்தான் எனக்கு அருவருத்தது.

எல்லோரும் போன பிறகு அந்தக் குடுவையைக் கையில் எடுத்தேன். குழாயைத் துடைக்காமல் வாயில் வைத்து, ஆறிப்போன சோப்புத் தண்ணீரை அடிவரைக்கும் உறிஞ்சிக் குடித்தேன்.