பொடி பிடித்துக்கொண்ட மாத்திரை

1. பித்தப்பையை எடுத்த பிறகு, எதைச் சாப்பிட்டாலும் கழிப்பறைக்கு ஓடினேன்.

2. பித்த அமிலம் குடலில் சரியாக உறிஞ்சப்படாததே காரணம் என்று மருத்துவர் கண்டறிந்தார். தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடி தந்தார். வயிற்றுப்போக்கு நின்றது.

3. நோன்பு தொடங்கியது. அதுவரை காலையில் நான் வழக்கமாகப் போடும் தைராய்டு மாத்திரை, இரவில் பொடி. மறந்துவிடாமல் இருக்க இரண்டையும் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரத்தில் ஒன்றாகவே எடுத்தேன்.

மாதக் கடைசியில் முகம் வீங்கியது. வேலையில் உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

"நோன்பு வச்சா எல்லாரும் மெலிஞ்சு போவாக. நீ என்ன புள்ள, பூரி மாதிரி உப்பிட்டே?" என்று உம்மா கேலி செய்தார்.

பெருநாளன்று மாடிப்படியில் கண் இருட்டிச் சாய்ந்தேன். கேலி செய்த உம்மாவே அழுதுகொண்டு, கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனார்.

இரத்தப் பரிசோதனையைப் பார்த்த அங்குள்ள மருத்துவர், "தைராய்டு மாத்திரைய எப்பம்மா நிறுத்துன?" என்றார்.

"ஒரு நாளும் விடல சார். பித்தத்துக்குத் தந்த பொடியோட சேத்துத்தான் போட்டேன்."

"அந்தப் பொடி பித்தத்த மட்டுமா பிடிக்கும்? மாத்திரையையும் பிடிச்சு வெளிய தள்ளிருச்சு. நாடி எம்புட்டுக் கொறஞ்சிருக்கு பாரு! இப்படியே விட்டிருந்தா உசுருக்கே ஆபத்தும்மா."

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் வேதியியல் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். தண்ணீரில் கரைந்திருப்பதைப் பிடித்துவைக்கும் ரெசினைத் தினமும் கையாள்கிறேன். என் பொடியும் அதே வகைதான். அது என் வயிற்றிலும் அதே வேலையைச் செய்யும் என்று யோசிக்கவேயில்லை.

இப்போது மருத்துவர் சொன்னபடி மாத்திரை காலையில், பொடி இரவுச் சாப்பாட்டோடு. நோன்பு வைத்தாலும் மாத்திரை சஹரில், பொடி நோன்பு திறந்த பிறகு. யார் புது மருந்து எழுதினாலும், முதலில் இந்தப் பொடியைப் பற்றிச் சொல்கிறேன்.

முக வீக்கம் வடிந்துவிட்டது. தைராய்டு அளவு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.