துரையின் பயம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒருநாள் என் வாப்பாவை எங்கள் ஊரான கலகெதரையிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளைக்கார டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேச்சை எங்களுக்குச் சொல்ல ஒரு கிளார்க் இருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, நெற்றியில் திருநீறு. டாக்டர் துரை பேசி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொல்வார்.

மறுநாள் காலை துரை நெடுநேரம் பேசினார். கிளார்க் கண்ணைத் திறந்தார்.

"துரை கொஞ்சம் பயப்படுறாராம். இனி மருந்து ஒருவேளை அவ்வளவா வேலை செய்யாம போகலாமாம். அவருக்குத் தெரிஞ்ச மட்டும் அப்படித் தோணுதாம்."

"அவருக்கு என்ன பயம்? வாப்பாவ ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா, இங்கயே வெச்சிக்கிறதா? அதக் கேளுங்க ஐயா."

கேட்டார். "கூட்டிட்டுப் போறதும் ஒருவகையில நல்லதா இருக்கலாம்னு நினைக்கிறாராம்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. உறுதியாக ஒரு சொல் கிடைக்காததால் வாப்பாவை அங்கேயே விட்டேன். அன்று பின்னேரமே அவர் மௌத்தானார். ஊரிலிருந்த உம்மாவுக்கு அவரோடு கடைசியாக ஒரு வார்த்தை பேசக் கிடைக்கவில்லை.

வாசலில் கிளார்க்கை மறித்தேன். "வாப்பா பிழைக்க மாட்டாரெண்டுதான் துரை சொன்னாரா?"

"ஆமா தம்பி. இங்கிலீஷ்காரங்க கெட்ட சேதிய அப்படிப் பயப்படுற மாதிரிதான் சொல்லுவாங்க."

"உங்களுக்கு அப்பவே விளங்கிச்சா?"

"விளங்குச்சு. ஆனா அவர் சொல்லாதத நான் எப்படிங்க சொல்றது?"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. துரையின் முகம் எனக்கு மறந்துவிட்டது. இந்த மனிதர் மேலுள்ள கோபம்தான் இன்னும் ஆறவில்லை.