தட்டில் போன முட்டை

அந்தத் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வெள்ளைப் பீங்கான் பூச்சு, நீல விளிம்பு. ஓரத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்துப்போன இடம்கூட அப்படியே இருக்கிறது. ‘உணவு எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குக் கற்றுத் தந்த தாய்’ என்று கீழே ஓர் அட்டை. கொடைக்கானலில் நான் சிறு வயதில் படித்த பள்ளிக்கூடம் அது. பழைய மாணவிகளை அழைத்து விழா எடுத்தார்கள். எங்கள் ஊரான கவுஞ்சியிலிருந்து என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பெரிய டீச்சரைப் பற்றி விழா மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுதுகிறேன். நல்லதாக வருமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

தலைமையாசிரியையைத்தான் பெரிய டீச்சர் என்போம். அறுபதுகளின் தொடக்கம் அது. மலைக் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கான விடுதியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் சிரங்கு வந்த பிள்ளைக்குத் தன் கையாலேயே மருந்து போடுவார். குளிரில் நடுங்குகிறவளுக்குத் தன் சால்வையை எடுத்துப் போர்த்துவார். எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று உறுதியாக நம்பினார், அவ்வளவுதான். நடக்கப் பழகியதும் கிழங்குக் காட்டுக்குள் இறங்கியவர்கள் நாங்கள். எங்களை எழுப்பி நிறுத்தி, “உருளைக்கிழங்கு எங்கிருந்து வருகிறது?” என்று கேட்பார். “மண்ணிலிருந்து டீச்சர்” என்போம். கை தட்டுவார். எங்கள் நகத்துக்குள் அப்போதும் கவுஞ்சி மண் இருக்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இந்தப் பிள்ளைக்குத் தினம் ஒரு முட்டையாவது கொடுத்துத் தேற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும்போது பூண்டு மூட்டையோடு கூடையில் ஒரு வெடக்கோழியையும் கொண்டு வந்தார். அப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருந்த செவலை. “சின்னவளுக்குங்க டீச்சரம்மா. இது போடுற முட்டைய இவளுக்கு அவிச்சுக் குடுத்தாப் போதும்” என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரிய டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த இதுதான் வேண்டியிருந்தது என்றார். விடுதிக்குப் பின்னால் பலகையடித்துக் கூண்டு கட்டினோம். தீனிக்குக் கம்பு வைக்க ஒருத்தி, தண்ணீர் ஊற்ற ஒருத்தி, எச்சம் அள்ள ஒருத்தி என்று முறை வைத்தார். முதல் முட்டை விழுந்த அன்று எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் காட்டினார். படம் வரையச் சொன்னார். பிறகு, நாற்பது பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒருத்திக்கு மட்டும் முட்டை கொடுத்தால் மற்றவர்கள் ஏங்கிப்போவார்கள், அது நியாயமில்லை என்றார். நியாயம்தான் என்று நாங்களும் தலையாட்டினோம். யாருக்கும் ஏக்கம் வரக்கூடாது என்று அந்த முட்டையை அவரே சாப்பிட்டார். இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதோடு விட்டாரா? கோழி உன் வீட்டுக் கோழி, அதனால் இந்தப் பெருமை உனக்குத்தான் என்று சொல்லி, முட்டையை எடுத்துப்போகிற வேலையைத் தங்கச்சிக்கே கொடுத்தார். அதற்குத்தான் இந்த நீல விளிம்புத் தட்டு. வெள்ளனே எழுந்து, புல்லெல்லாம் பனி வெளுத்துக் கிடக்கும்போது கூண்டுக்குள் கைவிட்டு எடுப்பாள். தட்டின் நடுவில் வைத்து, உருண்டுவிடாமல் ஒரு கையை மேலே கவிழ்த்துப் பொத்திக்கொண்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக நடப்பாள். பெரிய டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்து எங்களோடு கேப்பைக் கஞ்சிக்கு உட்காருவாள். அம்மா சந்தைக்கு வரும்போதெல்லாம், “கோழி முட்டை போடுதா?” என்று கேட்பார். “போடுதும்மா” என்பாள். போட்ட முட்டை பிள்ளை வயிற்றுக்குத்தான் போகிறதா என்று கேட்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. நாங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் விடுதியில் இருந்திராதவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து பெரிய மனிதர்கள் சிலர் பள்ளியைப் பார்க்க வந்தார்கள். கூடத்தில் எங்களை உட்காரவைத்து, “முட்டை எங்கிருந்து வருகிறது?” என்று பெரிய டீச்சர் கேட்டார். கூரை அதிரச் சொன்னோம். கோட்டுப் போட்ட ஒருவர் தங்கச்சியின் கன்னத்தைத் தட்டி, “முட்டை எப்படிம்மா இருக்கும்?” என்றார்.

“சூடா இருக்கும்” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய டீச்சரும் சிரித்தார். சந்தை முடிந்து எங்களைப் பார்க்க வந்திருந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகளுடைய கழுத்தையும் கையையும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“அவிச்சுத் தர்றாங்களாடீ?”

“இல்லம்மா. தட்டுல எடுத்துட்டுப் போறப்ப சூடா இருக்கும்.”

“எங்கிட்டு எடுத்துட்டுப் போற?”

தங்கச்சி ஜன்னல் வழியாகப் பெரிய டீச்சர் வீட்டைக் கையால் காட்டினாள்.

பெரிய டீச்சர் அம்மாவை வெளியே கூட்டிப்போய் நியாயத்தை விளக்கினார். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு முட்டை எப்படிப் பத்தும் என்று கேட்டார். “நாப்பது பேருக்குப் பத்தாதுன்னா, நீங்க நாப்பத்தோராவது ஆளுங்களா?” என்றார் அம்மா. அதுவரை பெரிய டீச்சருக்கு நேராக யாரும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இது இப்போது பள்ளிக்கூடத்துக் கோழி என்று பெரிய டீச்சர் சொன்னதும் அம்மாவுக்குக் கண் சிவந்துவிட்டது. “பள்ளிக்கூடத்துக் கோழியா? இதோட ஆத்தாளையும் எனக்குத் தெரியும், அவளோட ஆத்தாளையும் தெரியும். எங்க இருந்து வருதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றீங்களே, எங்க வீட்டுல இருந்து வந்துச்சுங்க!” கூண்டைத் திறந்து செவலையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

“கோழியைக் கொண்டுபோறதுன்னா அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிடுங்க. டிசிப்ளின் இல்லாம நான் ஹாஸ்டல் நடத்த முடியாது.”

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதத் தெரிந்திருந்தால் இந்த மலருக்கு அது ஒன்றே போதும். “நீ இருந்து படி. இவ உசுரோட இருக்கட்டும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். என்னை ஏன் விட்டுப் போகிறார்கள் என்று நான் அழுதேன். தன்னை ஏன் கூட்டிப் போகிறார்கள் என்று அவள் அழுதாள். ஊரில் முட்டை தின்று தேறினாள். உடம்பு தேறியதும் அடுத்த வருஷம் அம்மா கூட்டிவந்து கெஞ்சியபோது, இடமில்லை என்றார் பெரிய டீச்சர். நான் படித்து வாத்தியார் வேலைக்குப் போனேன். என்னைவிடக் கெட்டிக்காரியான தங்கச்சி கவுஞ்சியில் பூண்டும் கிழங்கும் தோண்டினாள். படிப்பா முட்டையா என்று ஒரு குழந்தையின் முன்னால் வைத்தவருக்குத் தாய் என்று அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

தங்கச்சி அந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எங்களைச் சுற்றிக்காட்டிய இளம் டீச்சருக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம். “பாட்டி, தட்டைக் கையில வச்சுக்கங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்” என்று பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். தங்கச்சி வாங்கினாள். முழங்கைகள் தாமாக விலாவோடு ஒட்டிக்கொண்டன. ஒரு கை அடியில் தாங்க, இன்னொரு கை வெறும் தட்டின் நடுவில் போய்க் கவிழ்ந்து பொத்திக்கொண்டது.

“சில்லுன்னு கெடக்குக்கா” என்றாள்.